வேர்நுனியில் நடக்கும் கொடுக்கல் வாங்கல்

வெங்காயச் செடியின் வேரைக் கழுவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டுக் கொதிக்கவைத்தால், கொஞ்ச நேரத்தில் அது கண்ணாடி நூல் மாதிரி ஆகிவிடும். செல்லுக்குள் இருந்ததெல்லாம் கரைந்துபோய்ச் சுவர்கள் மட்டும் மிஞ்சும். (கையுறை இல்லாமல் யாரும் முயல வேண்டாம், தோலை அரித்துவிடும்.) பிறகு நன்றாக அலசி, வினிகரில் சாதாரண பேனா மை கலந்து, அதில் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கடைசியாக, சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் ஊறவைத்தால் வேரில் ஒட்டிய மை வெளியேறும். வேருக்குள் பூஞ்சை இருந்தால், அதன் மேல் ஏறிய மை மட்டும் போகாது. செடியின் செல்சுவரில் இல்லாத கைட்டின் என்ற பொருள் பூஞ்சையின் சுவரில் இருக்கிறது. 1998இல் வெளியான முறை இது. அதற்கு முன் டிரிப்பான் நீலம் போன்ற ஆபத்தான சாயங்களைக் கையாள வேண்டியிருந்தது. மையும் வினிகரும் போதும் என்றானதும் என்னைப் போன்றவர்களுக்கும் அந்தக் கதவு திறந்தது.

அன்று என் அக்கா மகளும் பக்கத்தில் இருந்தாள். நுண்ணோக்கியில் முதலில் கண் வைத்தவள் அவள்தான்.

"சித்தி, வேருக்குள்ள மரம் மொளச்சிருக்கு!"

அவள் சொன்னது தப்பே இல்லை. செங்கல் அடுக்கியதுபோல நீளநீளமாக நின்ற வேர் செல்களுக்கு நடுவே நீல இழை ஒன்று ஓடியது. அதிலிருந்து பிரிந்த கிளை ஒரு செல்லுக்குள் நுழைந்து, இரண்டாகி, நான்காகி, கண்ணுக்குப் பிடிபடாத நுனிகளாகச் சிதறியிருந்தது. இலை உதிர்ந்த ஒரு மரத்தைப் பெட்டிக்குள் அடைத்து வைத்த மாதிரி. இதற்கு ஆர்பஸ்கியூல் என்று பெயர் வைத்தவர்களும் அதைத்தான் பார்த்திருக்கிறார்கள். லத்தீனில் அந்தச் சொல்லுக்குச் சிறு மரம் என்றே பொருள்.

"அது மரம் இல்லடா கண்ணு, பூஞ்சை."

"அப்ப செடிக்கு சீக்கா?"

"சீக்கு இல்ல. ரெண்டும் சேர்ந்து வாழுது."

"சேர்ந்துன்னா? யாரு யாருக்குச் சாப்பாடு போடுறாங்க?"

உடனே ஒரு பதில் சொன்னேன். செடி சர்க்கரை கொடுக்கும், பூஞ்சை சத்து கொடுக்கும் என்று. பள்ளிப் பாடத்துக்கு அது போதும். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. நூற்றைம்பது வருடமாகக் காட்டு மண்ணைத் தோண்டியவர்கள் எல்லோரும் கேட்டது இதைத்தான். ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது. இன்று ஊரெல்லாம் பரவியிருக்கும் பதில், மரங்கள் மண்ணுக்கடியில் பேசிக்கொள்கின்றன, தாய் மரம் தன் கன்றுகளுக்கு ஊட்டிவிடுகிறது என்பது. நானும் அதை நம்பி, பலருக்கு மனமுருகிச் சொல்லியிருக்கிறேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். ஏன் என்று எழுதத்தான் இந்தப் பதிவு.

முதல் பதில்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தன. ஃபிரான்சிஷெக் கமியென்ஸ்கி என்ற போலந்துத் தாவரவியலாளர் மானோட்ரோப்பா என்ற விநோதமான செடியை ஆராய்ந்தார். காட்டு மரங்களின் நிழலில் வெளிறிய மஞ்சளாய் எழும்பும் செடி அது. பச்சையமே கிடையாது. பிறகு எதைத் தின்று வளர்கிறது? மரவேரை நேரடியாக உறிஞ்சுகிறது என்று பலர் நினைத்தார்கள். கமியென்ஸ்கி வேரை எடுத்துப் பார்த்தபோது அது முழுக்கப் பூஞ்சையால் போர்த்தப்பட்டிருந்தது. வேரின் தோல் மண்ணை எங்குமே தொடவில்லை. அப்படியானால் உள்ளே போகும் எதுவும் பூஞ்சையைக் கடந்துதான் போக வேண்டும். 1880களின் தொடக்கத்தில் அவர் இதை எழுதியபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

1885இல் பெர்லினில் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் வேறொரு வேலையாக மண்ணைத் தோண்டினார். டிரஃபிள் என்ற விலையுயர்ந்த நிலத்தடிக் காளானைப் பயிராக்க முடியுமா என்று பார்க்கும்படி பிரஷ்ய அரசு அவரிடம் கேட்டிருந்தது. டிரஃபிள் சாகுபடியில் அவர் வெற்றி பெறவில்லை. ஆனால் ஓக், பீச், ஹேசல் என்று எந்த மரத்தின் சல்லிவேரை எடுத்தாலும் நுனியில் பூஞ்சை உறை இருந்தது. நோயுற்ற மரத்தில் மட்டும் என்றில்லை, செழித்து நின்ற மரத்திலும் இருந்தது. வேரும் பூஞ்சையும் சேர்ந்த அந்தக் கூட்டு உறுப்புக்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் பூஞ்சை வேர் என்று பொருள். நம் வேளாண் துறையினர் வேர்ப்பூசணம் என்கிறார்கள், எனக்கு அந்தச் சொல் பிடிக்கும்.

பூஞ்சையை மரத்தின் செவிலித்தாய் என்று ஃபிராங்க் சொன்னார். மண்ணிலிருந்து நீரையும் சத்தையும் எடுத்து ஊட்டுகிறது என்பது அவர் கருத்து. பூஞ்சை என்றால் அழுகல், நோய், பயிர்நாசம் என்றிருந்த காலம். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அவர் பைன் நாற்றுகளைக் காட்டு மண்ணிலும், சூடேற்றி உயிர்களைக் கொன்ற அதே மண்ணிலும் வளர்த்துப் பார்த்தார். பூஞ்சை இருந்த மண்ணில் வளர்ந்தவை முந்தின.

இந்தப் பரிசோதனையைப் பெரிய அளவில், யாரும் திட்டமிடாமல், வனத்துறைகள் செய்து பார்த்தன. பைன் மரமே இல்லாத நிலங்களில் பைன் விதையைக் கொண்டுபோய் விதைத்தார்கள். முளைக்கும், சாண் உயரம் வளரும், மஞ்சளாகும், நின்றுவிடும். போர்ட்டோ ரிக்கோவில் பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. உரம் வைத்தாலும் சரிப்படவில்லை. 1955இல் அமெரிக்க நிலப்பரப்பின் பைன் தோப்பிலிருந்து மண்ணை வரவழைத்து நாற்றுக்குழியில் போட்டார்கள். அந்த நாற்றுகள் பச்சை பிடித்து வளர்ந்தன. விதையோடு வராத ஒன்று அந்த மண்ணோடு வந்திருந்தது.

ஏன் இப்படி? எனக்கு இந்த இடத்தில்தான் விஷயம் சுவையாகிறது. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் இருந்தாலும் நகராது. இரும்பு, அலுமினியம், சுண்ணாம்பு என்று எதையாவது பற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் அங்கே ஒரு வெறும் வளையம் உண்டாகிவிடும். வளையத்துக்கு வெளியே சத்து இருக்கும், வேருக்கு எட்டாது. இன்னும் வேர் விடலாம்தான், ஆனால் வேர் என்பது மரத்துக்குச் செலவு பிடித்த கட்டுமானம். பூஞ்சை இழை வேரைவிடப் பல மடங்கு மெல்லியது. சில மைக்ரோமீட்டர் குறுக்களவுதான். வேர் நுழையாத மண்துளையில் அது நுழையும், வெறும் வளையத்தைத் தாண்டிச் சென்டிமீட்டர் கணக்கில் போகும். அதே அளவு கரிமத்தை முதலீடாகப் போட்டால் இழை தொடும் மண்ணின் பரப்புக்கு வேர் கிட்டவே வர முடியாது.

இதற்கு விலையாகச் செடி தான் தயாரித்த கரிமத்தில் 20 சதவீதம் வரைகூடப் பூஞ்சைக்குக் கொடுக்கிறது. ஆர்பஸ்கியூல் வகைப் பூஞ்சைகள் சர்க்கரை மட்டும் வாங்குவதில்லை. கொழுப்பு அமிலத்தை அடியிலிருந்து தயாரிக்கும் நொதி அவற்றின் மரபணுத் தொகுப்பில் இல்லை. செடி கொழுப்பைத் தயாரித்துத் தருகிறது என்பது 2017இல்தான் உறுதியானது. கொழுப்புக்குக்கூட இன்னொரு உயிரை நம்பும் ஒரு பூஞ்சை, செடியை விட்டுத் தனியே வாழ்ந்து தன் பருவத்தை முடிக்க முடியாது என்பதில் வியப்பில்லை.

இரண்டு பெரிய வகைகள் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வெங்காய வேரில் இருந்தது உட்புகும் வகை. பெரும்பாலான செடிகள், புற்கள், பயிர்கள், வெப்பமண்டல மரங்கள் பலவும் இந்தக் கூட்டணியில் இருக்கின்றன. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம் பூஞ்சையே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்ட விதிவிலக்கு. இன்னொன்று ஃபிராங்க் பார்த்த வெளியுறை வகை. பைன், ஓக், பீச், நம் சால் மரம் இதில் வரும். இங்கே பூஞ்சை செல்லுக்குள் நுழையாது. வேர்நுனி முழுக்க உறை போட்டு, வெளி அடுக்குச் செல்களுக்கு இடையே வலை பின்னும். பைன் வேரை மண்ணிலிருந்து மெதுவாக எடுத்துப் பார்த்தால், நுனிகள் குட்டையாய், தடித்து, இரண்டிரண்டாகப் பிரிந்து பவளம் மாதிரி இருக்கும். தாவர இனங்களில் சுமார் 2 சதவீதமே இந்த வகைக்காரர்கள். ஆனால் 2019இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டு நிலத்துண்டுகளின் கணக்கை வைத்துப் பார்த்தபோது, உலகில் நிற்கும் மரங்களில் ஏறத்தாழ 60 சதவீதம் இவைதான் என்று தெரிந்தது.

உட்புகும் வகையின் வயது நினைக்க நினைக்கத் தலை சுற்றுகிறது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்நீர் ஊற்றின் சிலிக்காவில் உறைந்துபோன செடிகள் கல்லாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்று அக்ளியோஃபைட்டன். அந்தக் கல்லை மெல்லிய தகடாகச் செதுக்கிப் பார்த்தபோது, செல்லுக்குள் ஆர்பஸ்கியூல் தெரிந்தது. 1994இல் வெளியானது. அந்தச் செடிக்கு வேரே கிடையாது, தரையில் ஊர்ந்த தண்டுதான். மண்ணிலிருந்து சத்தெடுக்கப் பூஞ்சை வந்துவிட்டது, வேர் அதற்குப் பிறகு தோன்றியது. நாங்கள் மையில் தோய்த்துப் பார்த்த அதே உருவம், வேர் என்ற உறுப்புக்கே மூத்தது!

இவை எப்படி ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன என்பதும் 2005 வரை புதிராக இருந்தது. மணிச்சத்துக்கு ஏங்கும் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற வேதிப்பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அது பட்டதும் பூஞ்சை இழை கிளைத்துப் பெருகி வேரைத் தேடி வருகிறது. இந்தப் பொருளின் முதல் வடிவத்தை 1966லேயே பருத்தி வேரிலிருந்து பிரித்திருந்தார்கள், ஆனால் வேறு காரணத்துக்காக. சோளத்தையும் கரும்பையும் உறிஞ்சும் சுடுமல்லிக் களையின் விதை இந்த வாசனை பட்டால்தான் முளைக்கிறது. நண்பனுக்குப் போட்ட குரலை எதிரியும் கேட்டுவிடுகிறான். தனக்குத் தீங்கு தரும் இப்படி ஒரு குறிப்பைச் செடி ஏன் வெளியிடுகிறது என்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் யாருக்கும் விளங்காமல் இருந்திருக்கிறது.

மறுபடி மானோட்ரோப்பாவுக்கு வருகிறேன். 1960இல் சுவீடனின் எரிக் பியோர்க்மன், பக்கத்தில் நின்ற ஊசியிலை மரங்களுக்குள் கதிரியக்கக் கரிமம் கலந்த சர்க்கரையைச் செலுத்தினார். சில நாட்களில் அது மானோட்ரோப்பாவின் உடலில் இருந்தது. கமியென்ஸ்கி சந்தேகித்தது சரி. மரத்திலிருந்து பூஞ்சைக்கு, பூஞ்சையிலிருந்து அந்த வெளிறிய செடிக்கு. அதன் பங்குக்கு ஒன்றும் திருப்பித் தருவதாகத் தெரியவில்லை. ஆர்க்கிட் விதைகளும் இதே வழியில்தான் உயிர் பிழைக்கின்றன. தூசி போன்ற விதை, உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. பூஞ்சை நுழைந்து ஊட்டினால்தான் முளைக்கும் என்பதை 1899இல் கண்டவர் நொயேல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர்.

ஆக, ஒரு செடியின் கரிமம் பூஞ்சை வழியாக இன்னொரு செடிக்குப் போகும், அது நிச்சயம். இங்கிருந்துதான் தாய் மரக் கதை புறப்படுகிறது.

1997இல் காட்டுச் சூழலியலாளர் சூசன் சிமார்ட் தன் குழுவினரோடு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் செய்த பரிசோதனை அழகானது. பிர்ச் நாற்றும் டக்ளஸ் ஃபிர் நாற்றும் அருகருகே. இரண்டும் ஒரே வகைப் பூஞ்சைகளோடு உறவாடுபவை. ஒரு நாற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடி கரிமம்-13 உள்ள வாயுவும், மற்றதை மூடி கரிமம்-14 உள்ள வாயுவும் கொடுத்தார்கள். இரண்டு அடையாளங்கள் என்பதால் எந்தப் பக்கம் எவ்வளவு போனது என்று கணக்குப் போடலாம். இரு திசையிலும் போயிருந்தது. ஆனால் கூட்டிக் கழித்தால் ஃபிர் நாற்றுக்கே மிச்சம், அது தானே தயாரித்ததில் சராசரியாக 6 சதவீத அளவுக்கு. கடும் நிழலில் வைத்த ஃபிர் நாற்றுக்கு அதிகம் போனது. நேச்சர் இதழ் இதை அட்டையில் போட்டு, இணைய வலை என்பதைத் திருப்பி மர வலை என்று பெயரும் சூட்டியது. அந்தப் பெயரே கதையை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

அந்தப் பரிசோதனையில் மூன்றாவதாக ஒரு நாற்றும் இருந்தது. செடார். அது உட்புகும் வகைப் பூஞ்சைக்காரன், மற்ற இருவரோடும் வலையில் சேர முடியாது. அதற்குள்ளும் கொஞ்சம் அடையாளக் கரிமம் வந்திருந்தது. வேர் கசியவிட்டது, மண்ணின் சுவாசத்தில் வெளியேறியது என்று வேறு வழிகளும் இருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. ஆய்வுக் கட்டுரையில் இது ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. மறுபடி சொல்லப்பட்ட கதைகளில்தான் செடாரைக் காணோம்.

மண்ணுக்கடியில் ஒன்றை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். நாற்றைச் சல்லடை உருளைக்குள் நடுவார்கள். துளை வேருக்குச் சிறியது, பூஞ்சை இழைக்குப் போதுமானது. சில உருளைகளை அவ்வப்போது லேசாகத் திருகிவிடுவார்கள். திருகினால் துளை வழியே போன இழைகள் அறுந்துவிடும். திருகாத உருளையில் நாற்று நன்றாக வளர்ந்தால் பெரிய மரத்தோடு இருந்த இணைப்பே காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் திருகும்போது நாற்று தானே வெளியே அனுப்பிய இழைகளும் சேர்ந்துதானே அறுகின்றன? அது வெளிமண்ணிலிருந்து சத்தும் நீரும் எடுக்க முடியாமல் வாடியிருக்கலாம். பெரிய மரம் எதையும் அனுப்பாமலேயே இதே முடிவு வந்திருக்கும்.

2023இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா மூவரும் அதுவரை வந்த களச் சான்றுகளை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். காடுகளில் எங்கும் இந்த இணைப்பு வலை இருக்கிறது என்று சொல்லும் அளவுக்குக் களத் தரவு போதாது. வலை வழியே சத்து போய் நாற்று பிழைக்கிறது என்பதற்கு வேறு விளக்கங்களும் பொருந்துகின்றன. தாய் மரம் தன் சொந்தக் கன்றை அடையாளம் கண்டு அதற்கு மட்டும் கூடுதலாக அனுப்புகிறது, எச்சரிக்கிறது என்பதற்கோ, காட்டில் எடுத்த, சக ஆய்வாளர்கள் சரிபார்த்து வெளியான சான்று ஒன்றுகூட இல்லை. பிற்கால ஆய்வாளர்களே முந்தைய முடிவுகளைப் பெரிதாக்கி மேற்கோள் காட்டி வந்ததையும் எடுத்துச் சொன்னார்கள். மெலனி ஜோன்ஸ் 1997ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். தன் பெயரும் இருக்கும் கட்டுரை இவ்வளவு புகழ் பெற்ற பிறகு, அதன் எல்லை இவ்வளவுதான் என்று எழுதுவதற்குப் பெரிய மனம் வேண்டும். அந்த நேர்மையின் முன் நான் தலைவணங்குகிறேன்.

இதைப் படித்தபோது முதலில் எனக்கு வருத்தம்தான். பிள்ளைகளுக்குச் சொல்ல எவ்வளவு இதமான கதை! பிறகு யோசிக்க யோசிக்க வேறொன்று உறைத்தது. அந்தக் கதையில் பூஞ்சைக்கு என்ன வேடம்? குழாய். தந்திக் கம்பி. மரம் கொடுக்கும், மரம் வாங்கும், நடுவில் பூஞ்சை சும்மா சுமந்துகொண்டு நிற்கும். 40 கோடி ஆண்டுகளாகத் தன் வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் உயிரை வேலையாளாகக்கூட இல்லாமல் வெறும் கம்பியாக்கி விட்டோம். எனக்கு இப்போது அந்தக் கதையில் உறுத்துவது சான்றுக் குறைவைவிட இதுதான்.

சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே நடந்த ஆய்வை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். 2016இல் வெளிவந்தது. 40 மீட்டர் உயர ஸ்ப்ரூஸ் மரங்கள் ஐந்து. கிரேன் வைத்து உச்சியில் குழாய் சுற்றி, அடையாளமிட்ட கரியமில வாயுவை ஆண்டுக்கணக்கில் ஊதினார்கள். அந்தக் கரிமம் பக்கத்திலிருந்த பீச், பைன், லார்ச் மரங்களின் சல்லிவேர்களில் கிடைத்தது. கீழே வளர்ந்த, வேறு வகைப் பூஞ்சையோடு வாழும் சிறுசெடிகளில் கிடைக்கவில்லை. வலை வழியே நகர்ந்திருக்கிறது என்பதற்கு நான் அறிந்த வரையில் வலுவான களச் சான்று இதுதான். ஆனால் சல்லிவேர் நுனி என்பது என்ன? அதன் ஒரு பகுதியே பூஞ்சையின் உடல்தான், வேரைப் பிரித்து உறையைத் தனியே எடுத்து அளப்பது எளிதல்ல. ஸ்ப்ரூஸ் தன் பூஞ்சைக்குக் கொடுத்தது; பூஞ்சை அதைத் தன் உடலின் இன்னொரு மூலைக்குக் கொண்டுபோனது; அந்த மூலை பீச் வேரில் இருந்தது. இப்படியும் படிக்கலாம் அல்லவா? நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிகிறது என்றால், இறைத்தவன் புல்லை நினைத்து இறைத்தான் என்று ஆகாது.

பூஞ்சையையே நடுவில் வைத்துக் கேள்வி கேட்பவர்களும் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் பணியாற்றும் டோபி கியர்ஸ் குழுவினர் 2011இல் காட்டியது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே செடியின் வேரில் பல பூஞ்சைகளை விட்டார்கள். அதிக மணிச்சத்து தரும் பூஞ்சைக்குச் செடி அதிகக் கரிமம் தந்தது. மறுபக்கம், அதிகக் கரிமம் தரும் வேருக்குப் பூஞ்சை அதிக மணிச்சத்து தந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிறோமே, இரு தரப்பும் அப்படித்தான் அளக்கின்றன. 2019இல் அதே குழுவினர் ஒளிரும் நுண்துகள்களை மணிச்சத்தோடு சேர்த்து, ஒரு பூஞ்சை வலையின் ஒரு பக்கத்தில் நிறையவும் மறுபக்கத்தில் குறைவாகவும் வைத்தார்கள். கேரட் வேர்களோடு ஆய்வகத் தட்டில் வளர்ந்த பூஞ்சை அது. மலிந்த பக்கத்திலிருந்து சத்தை எடுத்து, வேர்கள் தவித்துக்கொண்டிருந்த பக்கத்துக்குக் கொண்டுபோனது. அங்கே அதற்கு நல்ல விலை கிடைக்கும். மூளையில்லை, நரம்பில்லை. சுவரால் தடுக்கப்படாத நீளமான ஒரே குழாயுடல். அதற்குள் எண்ணற்ற உட்கருக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதைச் சந்தை என்று வர்ணிப்பதும் நம் உலகத்துச் சொல்லை அதன் மேல் போர்த்துவதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளந்து சொன்ன சொல்.

இப்படிப் பார்த்தால் கணக்கின் அளவும் வேறாகிறது. உலகத் தாவரங்கள் ஆண்டுதோறும் வேர்ப்பூசணங்களுக்குக் கொடுக்கும் கரிமம் சுமார் 1,312 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று 2023இல் மதிப்பிட்டார்கள். நிலக்கரி, பெட்ரோலியம் எரித்து நாம் ஆண்டுக்கு வெளியிடுவதில் 36 சதவீதம். இதைப் பூஞ்சைகள் நம் புகையில் மூன்றில் ஒரு பங்கைப் புதைத்துவிடுகின்றன என்று பகிர்கிறார்கள். அது தவறு. இது கை மாறும் தொகை. இழைகள் மடிந்து, மக்கி, கணிசமான பகுதி மறுபடி காற்றுக்கே போகும். மண்ணில் எவ்வளவு தங்குகிறது என்பது தனிக் கணக்கு.

அழிவையும் சொல்லாமல் விட முடியவில்லை. ஐரோப்பாவில் 20 நாடுகளின் 137 காட்டுப் பகுதிகளில் வேர்நுனிகளைச் சேகரித்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். வாகனப் புகையாலும் உரத்தாலும் காற்றில் ஏறி மழையில் இறங்கும் தழைச்சத்து (நைட்ரஜன்), வெளியுறைப் பூஞ்சைகளின் கூட்டத்தையே மாற்றுகிறது. தழைச்சத்து வானத்திலிருந்து இலவசமாக விழும்போது, அதைத் தேடித் தரும் பூஞ்சைக்கு மரம் ஏன் கரிமம் கொடுக்கும்? மண்ணில் நீண்ட தூரம் போய்த் தேடும் இனங்கள் குறைந்து, சொகுசான நிலைக்கு ஒத்துப்போகும் இனங்கள் கூடுகின்றன. மரம் பச்சையாகவே நிற்கும். வறட்சி வந்தாலொழிய மேலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. 2025இல் 130 நாடுகளின் மண் மாதிரிகளை வைத்து வெளியான உலக வரைபடம் இன்னும் கசப்பானது. வேர்ப்பூசண இனங்கள் மிகுந்த இடங்களில் பத்தில் ஒரு பங்குகூடப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் இல்லை. மரத்தையும் விலங்கையும் கணக்கில் வைத்து எல்லை போட்டோம். அடியில் இருப்பது அந்தக் கணக்கில் வரவேயில்லை. தாய் மரத்தின் பாசத்தைச் சொல்லித்தான் மக்களைக் காட்டின் பக்கம் திருப்ப முடியும் என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். ஆனால் அந்தக் கதையைக் கேட்டு மனம் இளகுபவர் மரத்தைக் காப்பாற்றுவார். மண்ணைக் கிளறி, உரம் கொட்டி, மரத்தை மட்டும் நிறுத்தி வைத்தாலும் அவருக்குத் திருப்தியாக இருக்கும்.

அக்கா மகளிடம் இதையெல்லாம் அன்று சொல்லவில்லை. அன்று எனக்கே இவ்வளவு தெளிவில்லை. அவள் அதற்குள் கண்ணாடித் தகட்டை நகர்த்தி வேறொரு செல்லைப் பிடித்திருந்தாள்.

"சித்தி, இங்க பாரு. இந்த மரம் மட்டும் ஏன் சுருண்டு கெடக்கு?"

நீல முடிச்சாக, கிளை எதுவும் தெரியாமல், ஒரு ஆர்பஸ்கியூல் செல்லின் ஓரத்தில் ஒடுங்கியிருந்தது. ஆர்பஸ்கியூலின் ஆயுள் சில நாட்கள்தான். சத்து வரத்து குறைந்தால் இன்னும் சீக்கிரமே செடி அதைக் கரைத்துவிடும். செல்லுக்கு ஒன்றும் ஆகாது.

"அது முடிஞ்சுபோச்சு. செடி கரைச்சிருச்சு."

"அப்புறம் அந்த ரூமு காலியாவே இருக்குமா?"

"வேர் உயிரோட இருந்திருந்தா, இன்னொண்ணு வந்திருக்கும். அதே பூஞ்சையோ, வேறயோ."

அவள் நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தாள். செங்கல் வரிசையில் மூன்று செல்கள். முதலாவதில் கிளை விரித்த மரம், இரண்டாவதில் நீல முடிச்சு. மூன்றாவதற்குள் ஒன்றும் வரையவில்லை. அதன் சுவருக்கு வெளியே, தொட்டும் தொடாமலும், ஒரு நீல நுனியை மட்டும் நிறுத்தியிருந்தாள்.